நோக்கியா ஏன் வந்தது, ஏன் போனது

2008 ஜனவரி 15 அன்று, ஜெர்மனியின் போஹும் நகரத்தில் இருந்த தன் செல்போன் ஆலையை மூடப்போவதாக நோக்கியா அறிவித்தது. சுமார் 2,300 பேர் வேலை பார்த்த இடம். அந்தச் சமயத்தில் நோக்கியாவுக்குப் பணக்கஷ்டம் ஒன்றும் இல்லை, உலகத்திலேயே அதிகமாக செல்போன் விற்ற கம்பெனி அதுதான், லாபமும் குவிந்துகொண்டிருந்தது. போஹும் வேலை ருமேனியாவுக்கு, க்ளூஜ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜூகு என்ற சின்ன ஊருக்குப் போகிறது என்றார்கள். ஜெர்மனி கொதித்துப்போனது. ஊர் ஊராகக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போகும் வணிகக் கூட்டத்தின் முதலாளித்துவம் இது என்ற பொருளில் நிதியமைச்சர் பீர் ஸ்டைன்ப்ரூக் திட்டினார். ஹோர்ஸ்ட் ஸேஹோஃபர் என்ற இன்னொரு அமைச்சர், இனி நோக்கியா போனே எனக்கு வேண்டாம் என்று அறிவித்தார்.

அதே மாதம் நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு இரண்டு வயது நிறைந்திருந்தது. காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்களைக் கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஷிப்ட் அள்ளிக்கொண்டு வந்தன. போஹும் தொழிலாளிகள் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நாட்களில் நாம் இங்கே அடுத்த விரிவாக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அதில் தப்பு இல்லை, அவர்களை நமக்குத் தெரியாது.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜெர்மனிக்காரர்களிடமிருந்து வேலையை வாங்கிய ஜூகு ஆலை 2011 முடிவில் மூடப்பட்டது, நான்கு வருடம்கூட ஓடவில்லை. 2012-இல் பின்லாந்திலேயே, நோக்கியாவின் தாய்வீடு என்று சொல்லத்தக்க சலோ நகரத்து ஆலையில் உற்பத்தி நின்றது. 2014-இல் ஹங்கேரியின் கொமாரோம் ஆலையை மூடுவதாக அறிவிப்பு வந்தது. அதே வருடம் நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூரில் கடைசி ஷிப்ட் முடிந்தது. ஏழு வருடத்துக்குள் ஐந்து ஊர். கடைசியில் வேலை போய்ச் சேர்ந்த முக்கியமான இடம் வியட்நாமில் ஹனோய்க்குப் பக்கத்தில் இருக்கும் பாக் நின்.

கம்பெனிகள் ஏன் வேலையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகின்றன என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: அங்கே கூலி குறைவு. பொய் இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டால் ருமேனியா ஏன் நான்கே வருடத்தில் மூடியது, கூலி குறைவான சென்னையை விட்டு ஏன் போனார்கள் என்பதற்குப் பதில் கிடைக்காது. எனக்குப் புரிந்த வரையில் இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் கூலியையே எடுத்துக்கொள்வோம். ஒரு செல்போனின் விலையில் அதைப் பூட்டிச் சேர்க்கும் தொழிலாளிக்குப் போகும் பங்கு மிக மிகக் குறைவு. 2010-ஆம் ஆண்டு ஐபோனைப் பிரித்துக் கணக்குப் போட்ட அமெரிக்க ஆய்வாளர்கள், விற்பனை விலையில் சீனத் தொழிலாளர்களுக்குப் போனது 1.8 சதவீதம் என்றும், ஆப்பிளுக்கு லாபமாகப் போனது 58.5 சதவீதம் என்றும் கண்டார்கள். நூறு ரூபாயில் இரண்டு ரூபாய்கூட இல்லை. இவ்வளவு குறைவாக இருக்கும் ஒரு செலவுக்காக எவனாவது ஒரு ஆலையையே பெயர்த்துக்கொண்டு போவானா என்று தோன்றும்.

போவான். காரணம் இதுதான். போனுக்குள் இருக்கும் சிப்புக்கும் திரைக்கும் மெமரிக்கும் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே விலை. அதை ஜெர்மனியில் வைத்துப் பூட்டினாலும் சென்னையில் வைத்துப் பூட்டினாலும் அந்தச் செலவு மாறப்போவதில்லை. இடத்துக்கு இடம் மாறுகிற செலவு எது? கூலி, வரி, கரண்ட், நிலம், போக்குவரத்து, அப்புறம் நேரம். இந்தச் சில்லறைச் செலவுகளுக்குள் பார்த்தால் கூலி பெரிய ஆளாகிவிடுகிறது. மொத்த விலையில் அது எத்தனை சதவீதம் என்று மேலாளர் பார்ப்பதில்லை, தன்னால் மாற்றக்கூடிய செலவில் அது எவ்வளவு என்றுதான் பார்க்கிறார். அதுவும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு விற்கிற பட்டன் போனில் ஒரு போனுக்குக் கிடைக்கும் லாபமே கொஞ்சம், அதைக் கோடிக்கணக்கில் பெருக்கும்போது ஒரு ரூபாய் மிச்சம்கூடப் பெரிய தொகை. சுத்தியலால் அடிக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்று தெரிந்தால் அங்கேதான் அடிப்பார்கள்.

கூலி என்று சொல்லும்போது மாதச் சம்பளத்தை மட்டும் நினைக்கக் கூடாது. புது மாடல் வருகிறது, இரண்டு வாரத்துக்குள் ஆயிரம் பேர் கூடுதலாக வேண்டும், மூன்று ஷிப்ட் ஓட்ட வேண்டும், ஆர்டர் குறைந்தால் அந்த ஆயிரம் பேர் வேண்டாம். இதைச் செய்ய முடிகிற இடம் எது என்பதும் அதே கணக்கில்தான் வருகிறது. பயிற்சித் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என்று நம் ஊர் ஆலைகளில் பல அடுக்குகள் இருப்பது இதற்காகத்தான். ஜெர்மனியில் அவ்வளவு சுலபமாக ஆளைக் கூட்டிக் குறைக்க முடியாது, அங்கே சட்டமும் சங்கமும் வலுவானவை. அந்த வலு அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு, கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அது ஒரு செலவு.

அடுத்தது தூரம். நோக்கியா 1100 என்று ஒரு போன் இருந்தது, டார்ச் லைட் வைத்தது, நம்மில் பல பேர் கையில் வைத்திருந்தோம். எடை 86 கிராம். இவ்வளவு எடை குறைந்த, இவ்வளவு விலையுள்ள பொருளை விமானத்தில் ஏற்றினாலும் ஒன்றுக்கு வரும் சரக்குக் கட்டணம் தாங்கக்கூடியதுதான். சிமெண்ட் மூட்டையை யாரும் அப்படி அனுப்ப முடியாது, அதனால்தான் சிமெண்ட் ஆலை அந்தந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. எந்தத் தொழில் ஓடும், எந்தத் தொழில் ஓடாது என்பதைத் தராசில் வைத்தே பாதி சொல்லிவிடலாம்.

மீதிப் பாதியைச் சொல்வது சுங்க வரி. 1996-இல் உலக வர்த்தக அமைப்பில் தகவல் தொழில்நுட்ப உடன்பாடு என்று ஒன்று கையெழுத்தானது. கம்ப்யூட்டர், தொலைத்தொடர்புக் கருவிகள், சிப்புகள் போன்றவற்றுக்குச் சுங்க வரியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர நாடுகள் ஒப்புக்கொண்டன, மறுவருடம் இந்தியாவும் சேர்ந்தது. சுங்க வரி இல்லை என்றால் எங்கே செய்து எங்கே விற்றாலும் ஒன்றுதான். காருக்கு அப்படி இல்லை. வெளியிலிருந்து முழுசாகக் கொண்டுவரும் காருக்கு இந்தியா கடுமையாக வரி போட்டது, அதனால் இங்கே கார் விற்க நினைத்த ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டியே ஆக வேண்டியிருந்தது. அந்த ஆலை சந்தையோடு கட்டிப்போடப்பட்டது. நோக்கியா ஆலைக்கு அப்படி ஒரு கயிறு இல்லை. இந்தியா அதற்குப் பெரிய சந்தை, உண்மை, பாதிக் காரணம் அதுதான். ஆனால் நாளைக்கே வேறு நாட்டில் செய்து இங்கே கொண்டுவந்து விற்றாலும் தடுக்க அன்றைக்கு வரிச்சுவர் எதுவும் இல்லை. ஒரே நெடுஞ்சாலையில் இருந்த இரண்டு ஆலைகளில் ஒன்று இன்னும் இருக்கிறது, மற்றது போய்விட்டது. அதற்கு இந்த வித்தியாசம் ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இனி உதிரிபாகம். வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் ஆலையை மட்டும் பார்க்கிறார்கள், உள்ளே இருப்பவர்கள் ஆலையைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 210 ஏக்கர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் நோக்கியா தனியாக உட்காரவில்லை. சார்ஜர் செய்யும் சால்காம்ப், பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் பெர்லோஸ், மற்ற கம்பெனிகளுக்காகப் பொருள் செய்து கொடுக்கும் ஃபாக்ஸ்கான் என்று தன் சப்ளையர்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. ஆலைக்குள் மட்டும் 8,000 பேர் வரை வேலை செய்த காலம் உண்டு, சுற்றியிருந்த சப்ளையர்களிடம் இன்னும் ஆயிரக்கணக்கானவர்கள். கூட்டுக்குடும்பம் மாதிரி ஒரே வளாகத்தில் இருந்தால் காலையில் ஆர்டர் சொன்ன பாகம் மாலையில் வந்துவிடும், குறை இருந்தால் ஆளை அனுப்பிச் சரிபார்க்கலாம். செல்போன் விலை வாரா வாரம் இறங்கும் பொருள், கப்பலில் மூன்று வாரம் மிதக்கிற பாகம் கரை சேர்வதற்குள் மதிப்புக் குறைந்துவிடும்.

ஆனால் நம்மிடம் இருந்தது மேல் அடுக்கு மட்டும்தான். உறை, சார்ஜர், பேக்கிங் எல்லாம் இங்கே, சிப்பும் திரையும் கிழக்காசியாவிலிருந்து. பின்லாந்துக்கும் ஹங்கேரிக்கும் அடி விழுந்தது இந்த இடத்தில்தான். 2012 பிப்ரவரியில் ஸ்மார்ட்போன் பூட்டும் வேலையை ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு மாற்றுவதாக அறிவித்தபோது நோக்கியா சொன்ன காரணம், எங்கள் சப்ளையர்களில் பெரும்பாலானவர்கள் ஆசியாவில் இருக்கிறார்கள், அவர்கள் பக்கத்தில் இருந்தால் புது மாடலைச் சீக்கிரம் சந்தைக்குக் கொண்டுவரலாம் என்பது. அப்போதுதான் ஐபோனும் ஆண்ட்ராய்டும் நோக்கியாவை விரட்டிக்கொண்டிருந்தன, ஒவ்வொரு வாரமும் கணக்கு. சலோவில் தலைமுறையாக ரேடியோவும் டிவியும் பிறகு செல்போனும் செய்து பழகிய கைகள் இருந்தன. பாகம் செய்கிறவன் பக்கத்தில் இல்லை என்பதற்கு முன்னால் அந்தக் கைத்திறன் எடுபடவில்லை.

பாக் நின்னுக்கு இந்த வசதி இருந்தது. சாம்சங் 2009-லிருந்தே அங்கே செல்போன் செய்துகொண்டிருந்தது, அதன் பின்னாலேயே சப்ளையர்களும் வந்திருந்தார்கள். சீன எல்லை சில மணி நேர லாரிப் பயணம். உயர் தொழில்நுட்பத் திட்டங்களுக்கு வியட்நாம் கொடுத்த வருமான வரிச் சலுகையும் தாராளம்: முதல் நான்கு வருடம் வரியே இல்லை, அடுத்த ஒன்பது வருடம் பாதி வரி.

வரிச்சலுகை என்று வந்தால் நாமும் குறைவாகக் கொடுக்கவில்லை. 2005-இல் நோக்கியா இந்தியாவில் இடம் தேடியபோது பல மாநிலங்கள் போட்டியிட்டன, தமிழ்நாடு ஜெயித்தது. கட்டிய மாநில வரியைத் திருப்பித் தருவது, சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான மத்திய அரசு வருமான வரி விலக்கு, சாலை, மின்சாரம் எல்லாம் சேர்ந்த மூட்டை அது. இப்படிப் போட்டி போட்டுக் கொடுப்பதை நான் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆலை வந்ததால் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் முதல்முறையாகத் தங்கள் பெயரில் பேங்க் கணக்கு வைத்தார்கள், கல்யாணத்தைத் தள்ளிப் போட முடிந்தது, வீட்டில் அவர்கள் சொல் எடுபட்டது. இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் வரும்போது என்ன தருகிறோம் என்று பக்கம் பக்கமாக எழுதிய அரசு, போவதாக இருந்தால் நீ யாருக்கு என்ன தர வேண்டும் என்று உருப்படியாக எழுதவில்லை. இதுதான் என் கோபம்.

வரித் தகராறைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோக்கியாவை வரித்துறை விரட்டியது என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. போனுக்குள் ஏற்றும் மென்பொருளுக்காக இந்திய நோக்கியா பின்லாந்தில் இருக்கும் தாய்க் கம்பெனிக்கு வருடா வருடம் பணம் அனுப்பியது. இது ராயல்டி, அதாவது உரிமைக்கான கட்டணம், அனுப்பும் முன் வரி பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை என்றது வருமான வரித்துறை. 2013 ஜனவரியில் ஆலைக்கு அதிகாரிகள் வந்தார்கள், சுமார் 2,080 கோடி ரூபாய் கட்டச் சொல்லி நோட்டீஸ் போனது. நாங்கள் பொருள் வாங்குகிற மாதிரிதான் மென்பொருளை வாங்கினோம், இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி இங்கே வரி வராது என்றது கம்பெனி. அடுத்து தமிழ்நாடு அரசும் சுமார் 2,400 கோடிக்கு வாட் வரி கேட்டது, ஏற்றுமதி என்று கணக்குக் காட்டிய போன்கள் உள்நாட்டில் விற்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு, கம்பெனி மறுத்தது.

இதற்கிடையில் நோக்கியா தன் செல்போன் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்க ஒப்புக்கொண்டிருந்தது. வழக்கு இருப்பதால் சென்னை ஆலையை விற்க முடியாமல் முடக்கினார்கள். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கேட்டது, நோக்கியா தர முன்வரவில்லை. ஏப்ரல் 25 அன்று விற்பனை முடிந்தபோது சென்னை ஆலை மட்டும் வெளியே நின்றது. கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்டுக்காக ஒப்பந்த அடிப்படையில் போன் செய்து கொடுத்தது, நவம்பரோடு அந்த ஒப்பந்தமும் முடிந்தது.

வரித்துறையின் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். எந்த நாட்டில் லாபம் உருவாகிறதோ அங்கே அதைக் காட்டாமல் ராயல்டி, உரிமக் கட்டணம் என்று வேறு நாட்டுக்கு நகர்த்துவது பன்னாட்டுக் கம்பெனிகளின் பழைய வழி, அதைக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு. கேட்ட விதம் வேறு விஷயம். மென்பொருள் ராயல்டி பற்றிய சட்டத்தை 2012-இல் முன்தேதியிட்டுத் திருத்திவிட்டு மறு வருடம் வசூலுக்குப் போனால் அடுத்து வர நினைப்பவன் பயப்படத்தான் செய்வான். கடைசியில் இரு நாட்டு அரசுகளும் பேசி 2018-இல் முடித்துக்கொண்டன, நோக்கியா 202 மில்லியன் யூரோ கட்டியது. இதை நான்கு வருடம் முன்பே பேசி முடித்திருக்கலாமே என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஆனால் வரித் தகராறு இல்லாமல் இருந்திருந்தால் ஆலை பிழைத்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஹங்கேரியில் கொமாரோம் ஆலையின் மேல் இப்படி எந்த வழக்கும் இல்லை, மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிய மூன்றாவது மாதம் மூடுவதாக அறிவித்துவிட்டது. விற்பனை சரிந்துகொண்டிருந்தது, ஆலைகள் தேவைக்கு மேல் இருந்தன. ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் சப்ளையர் பக்கத்தில் இருக்கும், வரி குறைவான, புத்தம் புதிய பாக் நின்னைத்தான் வைப்பார்கள். வழக்கு இல்லை என்றால் சென்னை இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஓடியிருக்கலாம். பாக் நின்னுக்கும் நிம்மதி நீளவில்லை, 2016-இல் மைக்ரோசாஃப்ட் பட்டன் போன் தொழிலையே விற்றபோது அந்த ஆலையும் ஃபாக்ஸ்கான் குழுமத்தின் கைக்குப் போனது.

இந்தக் கணக்கில் எல்லாம் நகர்ந்தது. இயந்திரம் நகர்ந்தது, பணம் நகர்ந்தது, பிராண்டு கைமாறியது. நகராதது ஆள். சென்னையில் 2014-இல் ஏறத்தாழ 5,000 பேர் விருப்ப ஓய்வு வாங்கினார்கள். சில லட்சம் ரூபாயோடு வெளியே வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை, பதினெட்டு பத்தொன்பதில் சேர்ந்து எட்டு வருடம் ஒரே வேலையைச் செய்தவர்கள். போர்டைச் சோதிப்பதோ உறையைப் பூட்டுவதோ அந்த லைனுக்கு வெளியே யாரும் மதிக்கிற தொழிலாக இல்லை. அடுத்த கம்பெனிக்குப் போனால் இருபது வயதுப் பிள்ளைகளை எடுக்கிறார்கள், இவர்கள் மறுபடி பயிற்சித் தொழிலாளி சம்பளத்தில் தொடங்க வேண்டும். பிறகு சப்ளையர் ஆலைகளும் சாய்ந்தன, பெரியதாக இருந்த ஃபாக்ஸ்கான் உட்பட. நோக்கியா ஆலையிலேயே இயந்திரத்தில் சிக்கி 2010-இல் ஒரு இளம் பெண் உயிரை விட்டதையும் இங்கே சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை, வேகத்துக்காக ஒரு ஆலையைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த வேகத்தின் விலையை யாரோ கொடுக்கிறார்கள்.

போஹும் மக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே அரசு கொடுத்த மானியத்துக்கு இத்தனை வேலை இத்தனை வருடம் என்ற நிபந்தனை இருந்தது. அதன் கெடு 2006-லேயே முடிந்துவிட்டதால் ஆலையைத் தடுக்க முடியவில்லை, ஆனாலும் சங்கம் உட்கார்ந்து பேசி 200 மில்லியன் யூரோ இழப்பீட்டுத் திட்டம் வாங்கியது, சராசரியாக ஆளுக்கு 80,000 யூரோவுக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில் உலகமயமாக்கலால் வேலை இழந்தவர்களுக்கென்றே ஒரு நிதி இருக்கிறது, போஹும், க்ளூஜ், சலோ மூன்று ஊர்த் தொழிலாளர்களுக்கும் மறுபயிற்சிக்காக அதிலிருந்து பணம் ஒதுக்கினார்கள். ஒரே கம்பெனி மூடிய மூன்று ஆலைகளுக்கும் ஒரே நிதி. நம் பெண்களுக்கு அப்படி எந்தக் கதவும் இல்லை.

இன்றைக்கு அதே சாலையில் பஸ்கள் மறுபடி நிறைந்து ஓடுகின்றன. மூடிக் கிடந்த நோக்கியா கட்டடத்தைப் பழைய சார்ஜர் கம்பெனி சால்காம்ப் வாங்கிவிட்டது. ஃபாக்ஸ்கான் திரும்பி வந்து ஐபோன் செய்கிறது. இப்போது நகர்வது சீனாவிலிருந்து, காரணங்களும் பழைய பட்டியல்தான்: அங்கே கூலி ஏறிவிட்டது, அமெரிக்காவோடு வரிச் சண்டை, ஒரே நாட்டை நம்பியிருக்கப் பயம். இந்தப் பக்கம் இழுக்க 2018-இல் இந்தியா போன் இறக்குமதிக்கு 20 சதவீதம் வரை சுங்க வரி போட்டது, 2020-இல் உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை என்று கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 சதவீதம் வரை ஐந்து வருடத்துக்குத் தர முடிவு செய்தது. மொத்த ஒதுக்கீடு ஏறக்குறைய 41,000 கோடி.

அந்த ஊக்கத்தொகையைப் பெற இரண்டு விஷயத்தைத்தான் அளந்தார்கள்: எவ்வளவு கூடுதலாக முதலீடு செய்தாய், எவ்வளவு கூடுதலாக விற்றாய். எத்தனை பேரை நிரந்தரமாக்கினாய், ஊக்கத்தொகை முடிந்த பிறகு எத்தனை வருடம் இருப்பாய், போனால் தொழிலாளிக்கு என்ன கொடுப்பாய் என்பதற்கு அதில் மதிப்பெண் இல்லை. லைனில் நிற்பது மறுபடியும் பத்தொன்பது இருபது வயதுப் பெண்கள், நிறையப் பேர் ஒப்பந்தத்தில், வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு கெட்டுப்போய் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது அவர்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்த பிறகுதான் அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று வெளியே தெரிந்தது. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அரசு அந்த விடுதிக்கு ஒருமுறை போய்விட்டு வரட்டும், 2014-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட 5,000 பேர் இப்போது என்ன செய்கிறார்கள் என்றும் ஒரு கணக்கு எடுக்கட்டும்.